பாரதி பிறந்த வீட்டைத் தெரிந்து கொள்வோம்



மகாகவி சுப்பிரமணிய பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். இந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தந்தை சின்னசாமி ஐயர், தாய் இலட்சுமி அம்மாள். பாரதிக்கு 5 வயதாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். 11 வயதில் கவி பாடும் திறமைக்காக ‘பாரதி’ என்ற பட்டம் கிடைத்தது. தந்தை ஆரம்பித்த பஞ்சாலை நஷ்டமாகி, குடும்பம் வறுமைக்கு வந்தது. 1898-இல் தந்தையும் இறந்தார்.

அவர் பிறந்த வீட்டைத் தமிழக அரசு 1973-இல் நினைவு இல்லமாக ஆக்கியது. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அங்கே சுற்றுலா போனோம். பெரிய அரண்மனை மாதிரி இருக்கும்னு நினைச்சேன். சாதாரணத் தெரு, சாதாரண வீடு. சுவரில் பழைய போட்டோக்கள். “இதுல என்னடி பார்க்க இருக்கு?” என்று என் தோழி கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் பேனாவை எடுத்துச் சுவரில் என் பெயரை எழுதப் போனேன். முதல் எழுத்து எழுதுவதற்குள் அங்கிருந்த காவலாளி தாத்தா பார்த்துவிட்டார். திட்டவில்லை. “வர்ற பிள்ளைங்க எல்லாம் ஒரு எழுத்து எழுதினா, சுவர் என்னம்மா ஆகும்?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

2025 மார்ச் மாதம் அந்த வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. புதுப்பிக்க அரசு நிதி ஒதுக்கியது. செய்தியைக் கேட்டதும் எனக்கு அந்தத் தாத்தா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. பழைய வீடு தானாக நிற்காது. மழையிலும் வெயிலிலும் தினம் கொஞ்சம் தேய்கிறது. அதோடு நாமும் சேர்ந்து கெடுக்கலாமா?

அதே ஊரில் பாரதி மணிமண்டபமும் உள்ளது. எழுத்தாளர் கல்கி முயற்சி எடுத்து, மக்களிடம் பணம் திரட்டிக் கட்டினார். 1945-இல் அடிக்கல் நாட்டி, 1947-இல் திறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த காசுதான் மண்டபம் ஆனது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிறுக்கினால் ஒரு வீடு பாழாகும்.

மண்டபத்தைப் புதிதாகக் கட்டலாம். ஆனால் பாரதி பிறந்த வீடு ஒன்றுதான். அரண்மனையில் பிறக்காத ஒரு பிள்ளை, தாயை இழந்த ஒரு பிள்ளை, மகாகவி ஆனார் என்பதற்கு அந்த வீடுதான் சாட்சி. என் தோழிக்கு இப்போது நான் சொல்லும் பதில் இதுதான்.

தோழர் தோழிகளே! எழுத ஆசையாக இருந்தால் இந்தச் சுவர் இதழில் எழுதுங்கள். நினைவு இல்லத்துச் சுவரிலும், நம் வகுப்பறைச் சுவரிலும் எழுத வேண்டாம்.



— 9-ஆம் வகுப்பு மாணவி