“நான் செத்துப்போறேன் டீச்சர்”

மூன்றாம் வகுப்புப் பிள்ளை நோட்டை விசிறிவிட்டு இப்படிச் சொல்கிறது. வகுப்பு சிரிக்கிறது. “வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று அதட்டிவிட்டு நாமும் பாடத்துக்குத் திரும்புகிறோம்.

‘சின்னப் பிள்ளைக்குச் சாவைப் பற்றி என்ன தெரியும்?’ ஆசிரியர் அறையில் பேச்சு இப்படித்தான் ஓடும். தெரியாததுதான் சிக்கல். ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாகி 1948இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சாவைத் தூக்கம்போல, வெளியூர்ப் பயணம்போலப் பேசினார்கள். ஒன்பது வயதை ஒட்டித்தான் அது யாரும் தவிர்க்க முடியாதது என்ற தெளிவு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த வயதைக் கீழே இறக்கியிருக்கின்றன. அது வேறு கதை. திரும்பி வரலாம் என்று நம்புகிற பிள்ளைக்கும் வேதனையிலிருந்து தப்பிக்கும் ஆசை நிஜம். திட்டோ கேலியோ வீட்டுச் சண்டையோ நடந்த அந்த நேரத்திலேயே யோசிக்காமல் எதையும் செய்துவிடக்கூடும்.

தனியே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நேராகவே கேளுங்கள்: “செத்துப்போகணும்னு தோணுதா? செத்தா என்ன ஆகும்னு நினைக்கிற? எப்பல்லாம் தோணுது? ஏதாவது செஞ்சு பார்த்தியா?” கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. “செத்துப்போன பாட்டிகிட்ட போகணும்” என்பது வெறும் ஏக்கமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி அன்றே தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பெற்றோர் வரும்வரை பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அவர்களிடம் புகார் வாசித்தால் சாயங்காலம் அடிதான் விழும். “பிள்ளை ரொம்பக் கஷ்டப்படுது” என்று தொடங்குங்கள். வீட்டில் மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதற்குள் பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416: இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, கட்டணமில்லாமல்.

துன்புறுத்துவதே வீட்டார் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். பாலியல் கொடுமை என்று ஐயம் வந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று ஒதுங்க முடியாது.

பிள்ளை மறுபடி வகுப்புக்கு வரும் நாளில் பரிதாபப் பார்வை வேண்டாம். எப்போதும்போல வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். இடைவேளையில் ஒரு நிமிடம் ஒதுக்கி, “இன்னைக்கு எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். அடுத்த வாரமும் கேளுங்கள்.