ஸ்பிரு சறுக்கிய இடம்

கேள்வி: சிரிப்புக் காமிக்ஸ் கனமான விஷயத்தைத் தொட்டாலே ஏன் சொதப்புகிறது?
– ஒரு வாசகர், லா கூர்னெவ்

பதில்: எல்லாமே சொதப்புவதில்லை. 1938-ல் பிறந்த பெல்ஜியக் காமிக்ஸ் நாயகன் ஸ்பிருவின் தொடரிலேயே இரண்டு வகையும் உண்டு.

2023-ல் யான் எழுதி, டானி வரைந்த 'நீலக் கார்கன்' வந்தது. சுற்றுச்சூழலைக் கெடுக்கும் பெருநிறுவனங்களைச் சாடும் கதை, நோக்கத்தில் பழுதில்லை. சித்திரங்கள்தான் காலை வாரின. கறுப்பினத்தவர் குரங்குச் சாயலில், பெண்களோ கவர்ச்சிப் பதுமைகளாக! அடுத்த ஆண்டு சமூக ஊடகங்களில் எதிர்ப்பு வெடிக்க, துப்புயி பதிப்பகம் மன்னிப்புக் கேட்டு ஆல்பத்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. பழைய பாணி கேலிச்சித்திரம் என்ற சமாதானமெல்லாம் எடுபடவில்லை, எடுபடவும் கூடாது.

அதே ஸ்பிருவை எமில் பிராவோ நாஜிகள் பிடியிலிருந்த பிரஸ்ஸல்ஸில் நடமாட விட்டார் (2018–2022, நான்கு பாகங்கள்). யூத ஓவியர் ஃபெலிக்ஸ் நுஸ்பாம் நிஜ மனிதர். ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டவர். அவரும் இதில் ஒரு பாத்திரம். சிரிப்பு இங்கேயும் உண்டு, ஆனால் அது ஸ்பிரு, அவர் நண்பர் ஃபான்டாசியோ ஆகியோரின் அசட்டுத்தனத்தில் பிறக்கிறது. பாதிக்கப்பட்டவர்களைத் தொடுவதே இல்லை.

சிவகாசி லயன் காமிக்ஸ் வழியே தமிழுக்குப் பழக்கமான கௌபாய் லக்கி லூக்கும் 2020-ல் முன்னாள் அடிமைகள் உழைக்கும் பருத்தித் தோட்டத்துக்குப் போனார். அங்கே நிஜ கறுப்பின மார்ஷல் பாஸ் ரீவ்ஸுக்கும் வீரப் பங்கு கிடைத்தது.