எந்த முடிவுக்கும் பொருந்துகிற விளக்கம்



கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் கஞ்சா புகைப்போருக்குக் கொழுப்பு குறைவாகப் படிந்திருப்பதாக நீங்கள் எழுதிய கட்டுரையை வரி விடாமல் படித்தேன். புள்ளியியலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னை உறுத்துவது விவாதப் பகுதியின் ஒரே ஒரு பத்தி. நெடுநாள் புகைத்ததில், செல்களில் கஞ்சாவுக்கு இசைந்து இயங்கும் சிபி1 ஏற்பி மழுங்கியிருக்கலாம், சிபி2 ஏற்பி அழற்சியைத் தணித்திருக்கலாம், ஆகவே எங்கள் முடிவு வலுப்பெறுகிறது என்கிறீர்கள். இல்லை, அதனால் அது வலுப்பெறவே இல்லை. 2005இல் பாரிசை அடுத்த கிரெத்தேயில், ஹெபடைடிஸ் சி உள்ள 270 பேரின் பயாப்ஸிகளைப் பார்த்தவர்கள், தினமும் கஞ்சா புகைப்போரின் கல்லீரலில் தழும்பு வேகமாகக் கூடுவதாக எழுதினார்கள். உங்கள் முடிவுக்கு நேர் எதிரான திசை அது. அதற்கும் ஏற்பிகள் கைகொடுத்தன. சோஃபி லோட்டெர்ஸ்டாஜ்னின் குழு, சிபி2 இல்லாத எலிகளுக்குத் தழும்பு அதிகமாவதை 2005இலும், சிபி1 இல்லாத எலிகளுக்கு அது குறைவதை 2006இலும் காட்டியது. ஒன்று கெடுக்கிறது, மற்றொன்று காக்கிறது. கஞ்சாவில் உள்ள டிஎச்சி இரண்டையுமே தொடுகிறது. கெடுதல் தெரிந்தால் சிபி1, நன்மை தெரிந்தால் சிபி2 என்று எடுத்துக்கொள்ளலாம். எந்தக் காலுக்கும் பொருந்தும் செருப்பை வைத்து நடந்தவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் எலி ஆய்வெல்லாம் வீண்தானா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. ஜார்ஜ் குனோஸின் குழு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் செல்களில் மட்டும் சிபி1ஐ நீக்கிவிட்டு, எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தார்கள். மற்ற எலிகளைப் போலவே அவையும் பருத்தன, ஆனால் கல்லீரலில் கொழுப்பு அந்த அளவுக்குப் படியவில்லை. பார்க்கப் பார்க்க அழகு கூடுகிற சோதனை இது. கருத்து தவறாக இருந்திருந்தால் அந்தக் கல்லீரல்களிலும் கொழுப்பு நிறைந்திருக்கும், குனோஸ் தோற்றிருப்பார். தோற்க இடம் கொடுத்து ஜெயித்ததால்தான் அது சான்று. உங்கள் பத்தி தோற்க எங்கேயும் இடமில்லை.   

மனிதர்களிடம் மரபணுவை நீக்கிப் பார்க்க முடியாதே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் காலத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். கனடாவில் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் சேர்ந்து உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் பார்வையில் அங்கும் கஞ்சாவுக்கும் சிரோசிஸுக்கும் லேசான தொடர்பு தெரிந்தது. நோய் உறுதியாவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு முன்பு புகைத்ததை மட்டும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. நோய் முற்ற முற்ற, உபாதை தணிய வேண்டி அவர்கள் கூடுதலாகப் புகைத்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். உங்கள் நோயாளிகளிடம் இதன் மறுபக்கம் நடந்திருக்க வாய்ப்புண்டு. கல்லீரல் கெட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் குடியோடு கஞ்சாவையும் விட்டவர்கள், உங்கள் அட்டவணையில் 'புகைக்காதவர்' வரிசையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே நாளில் கேட்டு நிரப்பிய படிவத்தில் இது தெரியாது.

அந்தப் படிவத்தையே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மது, புகையிலை, கஞ்சா மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றின் அளவையும் பதிந்திருக்கிறீர்கள். இத்தனை பொறுமையான பதிவை இந்தத் துறையில் அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. அந்தப் பதிவு உள்ள நான்காவது அட்டவணை ஒன்றுக்காகவே உங்களை எத்தனை பாராட்டினாலும் தகும். அதே நோயாளிகளிடம் மறுபடி போங்கள். எப்போது தொடங்கினீர்கள், எப்போது விட்டீர்கள், விட்டது நோய் தெரிந்த பிறகா என்ற மூன்று கேள்விகளைச் சேருங்கள். விட்டவர்களைத் தனி வரிசையாக்கிக் கணக்கை மீண்டும் போடுங்கள். ஏற்பிகளைப் பற்றிய பத்தியை அதுவரை எடுத்துவிடுங்கள்.