ஆனந்த் காட்டிய வழி

பால் காத்திருக்கும் பண்டமன்று. நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, விலை ஏறும் காலம் பார்த்து விற்கலாம். பஞ்சைப் பொதிகளாகக் கட்டிப் பண்டகசாலையில் அடுக்கலாம். காலையில் கறந்த பாலை உச்சிப்பொழுதுவரை காய்ச்சாது வைத்திருந்தாலோ அது திரிந்துவிடும். ஆதலால் பால் விற்பவன் எந்நாளும் வாங்குபவன் முகத்தைப் பார்த்தே நிற்கவேண்டியவனாகிறான். "இன்று வேண்டா" என்று வாங்குபவன் ஒரு சொல் சொல்லிவிட்டால் அன்றைய உழைப்பு முழுவதும் மண்ணில் போகும். இந்த நலிவிலிருந்து விடுபடக் குஜராத்து உழவர் சிலர் ஒரு வழி கண்டனர். இரண்டே சிற்றூர்ச் சங்கங்களோடு தொடங்கிய அவர்கள் வாணிகம் பின்னர் இந்திய நாடு முழுமைக்கும் ஒரு முன்மாதிரியாயிற்று. அது எவ்வாறு வளர்ந்தது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

குஜராத்தில் கெய்ரா என்பது ஒரு மாவட்டம். ஆனந்த் அந்நாளில் அம்மாவட்டத்து ஊர்களுள் ஒன்றாக இருந்தது. பம்பாய் நகருக்கும் ஆனந்துக்கும் இடையே நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு உண்டு. 1945-ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கத்தார், நகர மக்களுக்கு நல்ல பால் கிடைக்க வேண்டும் என்று கருதி, ஆனந்திலிருந்து பாலைப் புகைவண்டியில் கொண்டுவரும் திட்டம் ஒன்றை வகுத்தனர். பாலைச் சேகரித்து அனுப்பும் உரிமை போல்சன் என்னும் தனியார் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. நிறுவனத்துக்கும் உழவருக்கும் இடையே தரகர் பலர் இருந்தனர். நகரத்தில் பாலின் விலை உயர்ந்தபோதும் அவ்வுயர்வு உழவனின் கையை எட்டவில்லை. எருமைகள் மிகுதியாகக் கறக்கும் குளிர்காலத்தில் அவனுக்குக் கிடைத்த விலை மேலும் தாழ்ந்தது.

உழவர்கள் தம் குறையைச் சர்தார் வல்லபபாய் படேலிடம் கொண்டு சென்றனர். அவரும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவரே. தரகரை நீக்குமாறு அரசாங்கத்தை வேண்டுவதோடு நில்லாமல், பாலைத் திரட்டுதல், பதப்படுத்துதல், விற்றல் ஆகிய மூன்றையும் நீங்களே கூட்டுறவு முறையில் மேற்கொள்ளுங்கள் என்பது அவர் கூறிய அறிவுரை. 1946 ஜனவரி 4 அன்று சமர்கா என்னும் சிற்றூரில், மொரார்ஜி தேசாய் முன்னிலையில் உழவர் கூட்டம் நடைபெற்றது. ஊர்தோறும் சங்கம் அமைப்பது என்றும், அரசாங்கம் அச்சங்கங்களிடம் பால் வாங்க இசையும்வரை ஒருவரும் பால் விற்பதில்லை என்றும் அங்கே முடிவாயிற்று. பதினைந்து நாள் பம்பாய்க்கு ஒரு துளிப் பாலும் செல்லவில்லை. நாள் வருவாயைக் கொண்டு நாள் கழிக்கும் ஏழைக் குடும்பத்தார்க்குப் பதினைந்து நாள் என்பது சிறு பொழுதன்று. ஆயினும் அவர்கள் பிரியாது நின்றனர், அரசாங்கம் இணங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு செய்யப்பெற்றது. அதன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். விடுதலைப் போரில் சிறை சென்ற தொண்டர். 1948-இல் ஒன்றியம் பாலைப் பதப்படுத்தத் தொடங்கியபோது நாள் ஒன்றுக்கு வந்தது ஏறத்தாழ 250 லிட்டர் பாலே.

இவ்வமைப்பின் கட்டுக்கோப்பைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு சங்கம். ஓர் எருமை வைத்திருப்பவனும் பத்து எருமை வைத்திருப்பவனும் அதில் உறுப்பினராகலாம். இருவர்க்கும் வாக்கு ஒன்றே. காலையிலும் மாலையிலும் உறுப்பினர் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவர். கொழுப்பின் அளவைச் சோதித்து அதற்கேற்ப விலை கணக்கிடப்படும். பணம் தவணை சொல்லாமல் கைக்கு வரும். ஊர்ச் சங்கங்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களிலிருந்து மாவட்ட ஒன்றியத்தின் ஆட்சிக்குழு அமையும். அக்குழு, தொழில் நுட்பம் பயின்றவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தித் தொழிற்சாலையை நடத்தும். பொறியியல் அறிஞரும் கால்நடை மருத்துவரும் உழவரின் ஊழியராக இருப்பது இம்முறையின் தனித்தன்மை. மற்ற இடங்களில் உழவனே அவர்கள் வாயிலில் காத்து நிற்பான். மேலும், பால் ஊற்ற வருவோர் முன்னவர் பின்னவர் என்ற வரிசையில் நின்றார்களே அன்றிச் சாதி வரிசையில் நிற்கவில்லை. எந்தச் சட்டமும் அவ்வூர்களில் இதனை அத்துணை எளிதாகச் செய்திருக்க முடியாது.

1949-ஆம் ஆண்டு மே மாதத்தில் வர்க்கீஸ் குரியன் என்னும் இளைஞர் ஆனந்துக்கு வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். அரசாங்க உதவி பெற்று அமெரிக்கா சென்று படித்துத் திரும்பியவர். அவ்வுதவிக்கு ஈடாக ஆனந்திலிருந்த அரசாங்கப் பாலேட்டு நிலையத்தில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். அவருக்கு அவ்வூர் பிடிக்கவில்லை. எப்போது விடுதலை கிடைக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்திருந்த ஒன்றியத்தின் பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதடைந்தன. திரிபுவன்தாஸ் வந்து அழைக்கும்போதெல்லாம் குரியன் சென்று சீர்செய்து கொடுத்தார். இறுதியில், இவற்றைத் தட்டிக்கொட்டிக் காலம் கழிப்பதைவிடப் புதிய இயந்திரம் வாங்குவதே மேல் என்று சொன்னார். திரிபுவன்தாஸ் எப்படியோ பணம் புரட்டி வாங்கிவிட்டார். ஒப்பந்தம் தீர்ந்து குரியன் புறப்பட ஆயத்தமானபோது, இந்த இயந்திரம் ஒழுங்காக ஓடும்வரையிலாவது இரும் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். இருந்தவர் தம் வாழ்நாள் முழுவதும் ஆனந்திலேயே இருந்துவிட்டார்.

தொழில் வளர வளரப் புதிய இடர்களும் வளர்ந்தன. எருமை கோடையில் தருவதைப்போல் இரு மடங்குக்கும் மேலாகக் குளிர்காலத்தில் பால் தரும். பம்பாய் நகரமோ ஆண்டு முழுவதும் ஒரே அளவு பாலையே வேண்டிற்று. குளிர்காலத்தில் மிகும் பாலை ஒன்றியம் என் செய்வது? வேண்டாவென்று மறுத்தால், முன்பு தரகன் செய்ததையே தன் சங்கமும் செய்வதாக உழவன் எண்ணுவான். சங்கத்தின் வேர் அன்றே அறுந்துவிடும். மிகுந்த பாலைப் பொடியாக்கி வைத்துக்கொண்டால் இவ்விடர் தீரும். ஆனால் உலகில் அதுகாறும் பசும்பாலையே பொடியாக்கி வந்தனர். கொழுப்பு மிக்க எருமைப் பாலைப் பொடியாக்குதல் இயலாது என்பது மேனாட்டு வல்லுநர் துணிபு. குரியனின் நண்பரும் பாற்பொருள் நுட்பத்தில் வல்லவருமான தலாயா என்பார் அத்துணிபை ஏற்கவில்லை. வண்ணம் தெளிக்கும் துப்பாக்கி ஒன்றையும் காற்றைச் சூடேற்றும் கருவி ஒன்றையும் வைத்துக்கொண்டு அவர் பம்பாயில் சோதித்துக் காட்டினார் என்பர். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் நியூசிலாந்து நாடும் உதவ, புதிய தொழிற்சாலை எழுந்தது. 1955 அக்டோபர் 31 அன்று பிரதமர் நேரு அதனைத் திறந்து வைத்தார். கெய்ரா ஒன்றியம் தொடக்கத்திலிருந்து பிறர் அனுபவத்தைக் கேட்டு நடந்ததுதான். எனினும் அவ்வனுபவம் பசுவைப் பற்றியதா எருமையைப் பற்றியதா என்று கேட்கவும் அதற்குத் தெரிந்திருந்தது.

எல்லாவற்றிலும் அவர்கள் கணிப்பு முதலிலேயே பலித்துவிடவில்லை. 'அமூல்' என்னும் பெயரில் அவர்கள் விற்ற வெண்ணெய் அன்று கறந்த பாலின் ஏட்டிலிருந்து எடுத்தது, மிகத் தூயது. ஆயினும் புளித்த ஏட்டில் உப்பிட்டுச் செய்த வெண்ணெய்க்குப் பழகிய நகரத்தார் நாவுக்கு அது சப்பென்றிருந்தது. வாங்குவோர் சுவையே விற்பனையை முடிவு செய்யும் என்பதை உணர்ந்து, பின்னர் உப்பும் மணமும் சேர்த்தனர். போட்டியாளனிடமிருந்தும் கற்றுக்கொண்டனர் என்று சொல்லலாம்.

1964 அக்டோபர் 31 அன்று, மாட்டுத் தீவனத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்து வைப்பதற்காகப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அங்கே வந்தார். அதற்கு முந்தைய இரவை அவர் அஜர்புரா என்னும் சிற்றூரில், ஓர் உழவர் வீட்டில் தங்கிக் கழித்தார். ஊராரோடு நெடுநேரம் உரையாடினார். மறுநாள் அவர் குரியனிடம் தம் ஐயத்தை வெளியிட்டார். இங்குள்ள மண் தனிச் சிறப்புடையதாகத் தோன்றவில்லை, மழையும் மிகுதியில்லை, எருமைகளும் பிற பகுதிகளில் உள்ளவற்றைவிட மேலானவை அல்ல. அரசாங்கம் பிற மாநிலங்களில் பெரும்பொருள் செலவிட்டு நடத்தும் பாற்பண்ணைகள் தளர்ந்து கிடக்க, இது மட்டும் செழிப்பதேன்? இதற்குக் குரியன் தந்த விடை எளியது. இத்தொழிற்சாலையின் உடைமையாளர் உழவர்; நிர்வாகி அவர்களுக்குக் கட்டுப்பட்டவர்; அவர்களுக்கு நன்மை செய்யாத நிர்வாகியை அவர்கள் நீக்கிவிடலாம். அங்ஙனமாயின் நாடெங்கும் ஆனந்துகள் தோன்றட்டும் என்று சாஸ்திரி விரும்பினார். 1965-இல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்திலேயே தோற்றுவிக்கப்பட்டது.

வாரியம் தோன்றியதே அன்றிப் பெரும் பணம் உடன் வரவில்லை. மாநிலங்களும் விரைந்து முன்வரவில்லை. இந்நிலையில், 1960-களின் இறுதியில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்து நாடுகளில் பாற்பொடியும் வெண்ணெயும் மலைபோல் குவிந்தன. அவை ஏழை நாடுகளுக்குக் கொடையாக வரக்கூடும் என்பதைக் குரியன் முன்னரே உணர்ந்தார். கொடை என்றால் மகிழத்தானே வேண்டும்? அதில் ஒரு பெருந்தீங்கு ஒளிந்திருந்தது. இலவசமாக வந்த பொடியைக் கரைத்து நகரங்களில் மலிவாக விற்றால், சிற்றூர் உழவனின் பாலை வாங்குவோர் இரார். விலை வீழ்ந்தால் அவன் எருமையை விற்றுவிடுவான். கொடை நின்றுபோகும் நாளில் நாட்டில் பாலும் இராது. கறக்கும் கையும் இராது.

இதனை எண்ணிப் பார்த்துக் குரியன் ஒரு திட்டம் வகுத்தார். உலக உணவுத் திட்டத்தின் வாயிலாக வரும் பொடியையும் வெண்ணெய்க் கொழுப்பையும் வாரியத்தார் பெற்றுக்கொள்வர். பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களின் பாற்பண்ணைகளில் அவற்றைப் பாலாக்கி, மலிவு விலைக்கன்றி நியாயமான சந்தை விலைக்கே விற்பர். வந்த பணத்தைச் செலவழித்துவிடாமல் முதலாக்கி, ஆனந்த் முறையில் ஊர்ச் சங்கங்களும் ஒன்றியங்களும் அமைப்பர். குளிரூட்டும் நிலையங்களும் பால் ஏற்றும் தொட்டி வண்டிகளும் வாங்குவர். நகரச் சந்தையைக் கொடைப் பால் முதலில் பிடித்து வைக்கும். பின்னர் உள்நாட்டு உழவன் அவ்விடத்தை நிரப்புவான். 'ஆபரேஷன் ஃபிளட்' என்னும் பெயருடன் 1970-இல் இத்திட்டம் தொடங்கிற்று. மக்கள் இதனை வெண்மைப் புரட்சி என்று அழைத்தனர். முதற்கட்டத்தில் பத்து மாநிலங்களைச் சேர்ந்த 18 பால் வளப் பகுதிகள் சேர்க்கப்பட்டன. ஐந்தாண்டில் முடியும் என்று எண்ணிய அக்கட்டம் அதனினும் நெடுங்காலம் நீண்டது. மூன்று கட்டங்களும் நிறைவேற 1996 ஆயிற்று. 1950-51-இல் இந்தியாவின் பால் உற்பத்தி ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டன். 1998-இல் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் பெற்றது. 2022-23-இல் உற்பத்தி 23 கோடி டன் அளவை எட்டிற்று. இவ்வளர்ச்சி அனைத்தும் கூட்டுறவால் மட்டும் வந்ததென்று கூறுதல் மிகையாகும். தனியார் பண்ணைகளும் நல்லினக் கால்நடைகளும் பெருகிய நகரங்களும் தம் பங்கைச் செய்துள்ளன.

முன்மாதிரியை எடுத்துச் சென்றோர் எல்லாரும் அதனை முழுமையாக எடுத்துச் சென்றனர் அல்லர். சில இடங்களில் கட்டடமும் இயந்திரமும் பெயர்ப்பலகையும் ஆனந்தைப் போலவே அமைந்தன. தேர்தல் மட்டும் ஆண்டுக்கணக்கில் நடைபெறவில்லை. உழவர் அமர வேண்டிய நாற்காலியில் அரசாங்க அலுவலர் அமர்ந்தார். பாலுக்குரிய பணம் காலந்தாழ்ந்து வந்தது. உழவரும் மெல்ல மெல்லத் தம் பாலைப் பழைய தரகரிடமே கொண்டு சென்றனர்.

வேறொரு வகையிலும் இம்முறையின் எல்லை புலனாயிற்று. பாலில் வெற்றி கண்ட வாரியத்தார், நிலக்கடலை முதலிய எண்ணெய் வித்துக்களிலும் கூட்டுறவு முறையைப் புகுத்த முனைந்தனர். 'தாரா' என்னும் பெயரில் எண்ணெய் விற்பனைக்கு வந்து வீடுதோறும் அறிமுகமாயிற்று. எனினும் பாலில் கண்டதுபோன்ற உறுதியான சங்கங்கள் அங்கே உருவாகவில்லை. காரணம் பல கூறுவர். எமக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. பால் உழவனையும் சங்கத்தையும் நாளுக்கு இருமுறை ஒன்றுசேர்க்கிறது. கடலையோ ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் களத்துக்கு வருகிறது. மேலும் அது கெட்டுப்போகாது காத்திருக்கும். நல்ல விலை சொல்லும் வணிகன் வரும்வரை உழவனும் காத்திருக்கலாம். பாலின் நலிவிலிருந்து பிறந்த வழி, நலிவில்லாப் பண்டத்துக்கு அத்துணைப் பொருந்தவில்லை.

தமிழ்நாட்டிலும் ஆனந்த் முறையைத் தழுவி ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என மூன்று அடுக்குகள் அமைந்தன. மாநில இணையம் 1981-இல் தோன்றியது. 'ஆவின்' என்னும் பெயரை அறியாத வீடு நம் நாட்டில் அரிது. உங்கள் ஊரில் பால் சங்கம் இருந்தால், விடியற்காலையில் ஒருநாள் அங்கே சென்று பாருங்கள். தூக்குப் பாத்திரங்களோடு பெண்கள் வந்து நிற்பர். பால்மானியை இட்டுப் பார்த்து, அளந்து ஊற்றி, ஏட்டில் கணக்கெழுதுவர். அந்த ஏட்டில் தம் பெயருக்கு நேரே என்ன எழுதப்படுகிறது என்பதை அவர்கள் எட்டிப் பார்ப்பதையும் காண்பீர்கள்.