பிள்ளைக்கு வாங்கிய அட்வான்ஸ்



சென்ற இதழில் ஈ.பி.எப். பணம் எடுப்பது பற்றிப் பார்த்தோம். இம்முறை எடுத்துக்கொள்வது கொஞ்சம் மனதுக்குப் பாரமான பாடம். ஆட்கடத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர், வாயைப் பொத்தி வேனில் தூக்கிப்போட்டுக் கொண்டு போவதைத்தான் நினைக்கிறோம். நமது தோட்டங்களில் இருந்து பிள்ளை போவது அப்படியல்ல. புதுச்சட்டை போட்டு, தலைவாரி, பொட்டு வைத்து, பெற்ற தாயே பஸ் ஏற்றி விடுகிறாள். கூட்டிக்கொண்டு போகிறவரும் தெரிந்த ஆள்தான். பக்கத்து டிவிசன்காரர், சில நேரம் மாமா முறைகூட ஆவார். ஆனால் சட்டத்தின் பார்வையில் அதுவும் ஆட்கடத்தலாக இருக்கலாம். அது எப்படி என்பதைத்தான் இன்று விளங்கிக்கொள்ளப் போகிறோம்.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம், சம்பள நாளுக்கு மறுநாள், பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு ஒரு தாய் எமது காரியாலயத்துக்கு வந்தார். முதுகில் இருந்த கூடையைக்கூட இறக்கவில்லை. அவருடைய மகளுக்கு வயது பதினான்கு. முந்திய தீபாவளிக்கு முன் ஒரு தரகர் வந்து, கொழும்புப் பக்கம் ஒரு வீட்டில் சின்ன வேலைதான், பிள்ளையைப் படிக்கவும் வைப்பார்கள் என்று சொல்லி இருபத்தையாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிப்போயிருக்கிறார். முதல் இரண்டு மாதம் பிள்ளை போனில் பேசியது. பிறகு, "குளிக்குது", "தூங்குது", "கடைக்குப் போயிருக்கு" என்று வீட்டுக்காரர்தான் பேசுவார். கடைசியில் அந்த நம்பரே வேலை செய்யவில்லை.

"போய்ப் பார்க்க வேண்டியதுதானே?" என்று கேட்டோம். தாய் வாயைத் திறக்கவில்லை. வெளியில் நின்றிருந்த தகப்பன் உள்ளே வந்து சொன்னார்: "புள்ளைய கூட்டிட்டு வரணும்னா அட்வான்ஸ திருப்பிக் கட்டணுமாம் ஐயா. காசு செலவாயிருச்சு. பேப்பர்ல கைநாட்டு வேற வச்சிட்டேன். நாங்க பொலிசுக்குப் போனா எங்களத்தான் உள்ள போடுவாங்கன்னு தரகர் சொல்றாரு."

இதில் எமது பிழையும் உண்டு. அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வருவதில்லை என்று வகுப்பு ஆசிரியை சனவரி மாதமே எம்மிடம் சொல்லியிருந்தார். "பாட்டி வீட்டுக்குப் போயிருக்கு" என்று லயத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். இரண்டு மாதம் அப்படியே போனது.

சரி, அந்த அட்வான்ஸுக்கு வருவோம். அட்வான்ஸ் என்பது நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் வாங்குகிறோம், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அது நாம் வாங்கிய கடன், நமது உழைப்பில் கழிகிறது. தரகர் கொடுத்த அட்வான்ஸும் அதே மாதிரி என்று அந்தத் தகப்பன் நினைத்துவிட்டார். அப்படி அல்ல. அங்கே காசு வாங்கியது தகப்பன், உழைத்துக் கழிப்பது பிள்ளை. எவ்வளவு கழிந்தது என்று கணக்கு வைத்திருப்பது வீட்டுக்காரர். எந்த செக்ரோலிலும் அந்தப் பிள்ளைக்குப் பேர் விழுவதில்லை.

இந்தத் தந்திரத்தை நமது பாட்டன் பூட்டன் அனுபவித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கங்காணிமார் இந்தியாவில் ஆள் சேர்க்கும்போது முற்பணம் கொடுத்தார்கள். வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் அவரவர் பெயரில் கடனாக ஏறியது. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' ஒன்று வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். ஆள் எங்கே போனாலும் கடனும் பின்னால் போகும். அந்தத் துண்டு முறையை 1921ஆம் ஆண்டில் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து அதே துண்டை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் கழுத்தில் கட்டி அனுப்புவதற்கு நாம் கைநாட்டு வைக்கிறோம் என்பதை அந்தத் தகப்பனுக்குச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இனி சட்டத்தைப் பார்ப்போம். பெயரும் இலக்கமும் கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொலிஸில் போய் நின்று பேசும்போது அது கைகொடுக்கும்.

நமது நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் 360சி என்று ஒரு பிரிவு உண்டு. 1995ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டு, 2006ஆம் ஆண்டு 16ஆம் இலக்கச் சட்டத்தால் விரிவாக்கப்பட்டது. காசுக்கோ வேறு பொருளுக்கோ ஒரு ஆளை விற்பது, வாங்குவது, அதற்கு வழி செய்து கொடுப்பது எல்லாம் அதன்படி குற்றம். பிள்ளைகளைப் பற்றி அது தனியாகச் சொல்கிறது. கட்டாய வேலைக்கோ, அடிமை வேலைக்கோ, பாலியல் சுரண்டலுக்கோ ஒரு பிள்ளையைச் சேர்ப்பதும், கொண்டு போவதும், கைமாற்றுவதும், தங்க வைப்பதும், பெற்றுக்கொள்வதும் குற்றமாகும். அதாவது தரகரோடு முடிவதில்லை. வீட்டில் வைத்திருப்பவரும் இதற்குள் வருகிறார். "பிள்ளையே விருப்பப்பட்டுத்தான் வந்தது" என்று சொல்லித் தப்பவும் முடியாது, ஏனென்றால் பிள்ளையின் சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம் குற்றமே என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இந்தப் பிரிவுக்குப் பிள்ளை என்றால் 18 வயதுக்குக் குறைந்தவர். பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் தண்டனை மூன்று வருடத்துக்குக் குறையாமல் இருபது வருடம் வரை சிறை.

அதே 2006ஆம் ஆண்டுச் சட்டம் 358ஏ என்ற பிரிவையும் சேர்த்தது. கடனுக்காக ஒருவரைக் கட்டி வைத்து வேலை வாங்குவது இதன்படி தனிக் குற்றம். நமது தகப்பன்மார் பயப்படுகிற அந்த அட்வான்ஸ் கதை நேராக இங்கேதான் வந்து விழுகிறது. சட்டத்துக்கு மாறான காரியத்துக்காக எழுதிய பேப்பருக்கு நீதிமன்றத்தில் பெறுமதி கிடையாது. அதில் கைநாட்டு இருந்தாலும் சரி, முத்திரை ஒட்டியிருந்தாலும் சரி. அந்தத் தகப்பன் கைநாட்டு வைத்த பேப்பரின் போட்டோ பிரதியைப் பிறகு பார்த்தோம். கைநாட்டுக்கு மேலே ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. வெறும் பேப்பர்!

வயதைப் பற்றி லயங்களில் இன்னும் பழைய கணக்கே ஓடுகிறது. "பதினாலு முடிஞ்சா வேலைக்கு விடலாம்" என்கிறார்கள். அது 2021க்கு முந்திய கதை. பெண்கள், இளைஞர், சிறுவர்களை வேலைக்கமர்த்தல் பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, குறைந்த வயது 16 ஆக்கப்பட்டது. கட்டாயம் பாடசாலை செல்ல வேண்டிய வயதும் 2016இல் இருந்து 16 வரை உயர்ந்திருக்கிறது. 16 முடிந்துவிட்டதால் எதுவும் செய்யலாம் என்றும் எண்ண வேண்டாம். மேலே சொன்னபடி 360சி பிரிவு 18 வயது வரை காவல் நிற்கிறது.

2021 ஜூலை மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நுவரெலியா மாவட்டத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பதினாறு வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்துபோனது. நமது தோட்டங்களில் எல்லாம் கறுப்புக்கொடி கட்டினோம், சுலோகம் பிடித்தோம். அந்த வழக்கில் தரகரும் கைது செய்யப்பட்டார். கொடியை அவிழ்த்த பிறகு எத்தனை பேர் தன் லயத்தில் இருந்து போன பிள்ளைகளைக் கணக்கெடுத்தோம் என்று கேட்டால், நாம் உட்படத் தலைகுனியத்தான் வேண்டும்.

அந்தத் தாயும் தகப்பனும் எம்மோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்தார்கள். அங்கே சிறுவர், பெண்கள் பணியகத்தில் முறைப்பாடு எழுதினோம். முதலில் "கொழும்பில் நடந்தது, அங்கே போய்ச் சொல்லுங்கள்" என்றார்கள். பிள்ளையைக் கூட்டிப்போனது இங்கிருந்துதானே என்று பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு எழுதிக்கொண்டார்கள். அன்றே 1929க்கும் பேசினோம். அது 1998ஆம் ஆண்டு 50ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். காசு போகாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். தாயிடம் வீட்டு விலாசம் இருக்கவில்லை. ஆனால் பிள்ளை முதல் மாதம் அனுப்பியிருந்த போட்டோ ஒன்றில் பின்னால் ஒரு கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. அதுதான் உதவியது. பதினொரு நாளில் பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள்.

பிள்ளையின் மணிக்கட்டில் சுடுதண்ணீர் பட்ட தழும்பு இருந்தது. அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையை அடித்தோ, பட்டினி போட்டோ, வேறு விதமாகவோ கொடுமை செய்தால் 308ஏ பிரிவின்படி இரண்டு முதல் பத்து வருடம் வரை சிறை.

மீட்ட பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. நீதவான் முன் நிறுத்தி, நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை வரும்வரை சில வாரம் ஒரு இல்லத்தில் வைத்தார்கள். அந்தத் தாய், "என் புள்ளைய மீட்டுக் குடுங்கன்னு வந்தா, இன்னொரு எடத்துல கொண்டுபோய் வச்சிட்டீங்களே ஐயா" என்று எம்மிடம் கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. இப்படி நடக்கும் என்று முதலிலேயே நாம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஆகவே இப்போது உங்களுக்குச் சொல்லி வைக்கிறோம்.

இந்த விடயத்தைக் கோயில் மடத்தில் நடந்த மாதர் கூட்டத்தில் பேசியபோது பல கேள்விகள் வந்தன. "நாங்க காசு வாங்கியிருக்கோமே, எங்களுக்கும் வழக்கு வருமா?" என்று ஒரு அக்கா கேட்டார். வரவே வராது என்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. காசுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் சட்டம் கேள்வி கேட்கலாம். ஆனால் பயந்து பிள்ளையை அங்கேயே விட்டு வைப்பதால் அந்தக் கேள்வி இல்லாமல் போகாது. தானே முன்வந்து முறைப்பாடு செய்கிற தாயும், பிள்ளை செத்த பிறகு பொலிஸ் தேடி வருகிற தாயும் ஒரே மாதிரி நிற்க மாட்டார்கள்.

"தரகர் மிரட்டினால்?" என்றார் இன்னொருவர். பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டுவது தனிக் குற்றம். அவர்களைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்து, 2023இல் அதற்குப் பதிலாக 10ஆம் இலக்கப் புதிய சட்டம் வந்திருக்கிறது. மிரட்டிய நாள், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு பொலிஸில் சொல்ல வேண்டும்.

வயதான ஒரு அம்மா கேட்டதுதான் எமக்கு இன்னும் காதில் நிற்கிறது. "வீட்டுல மூணு வேள சோறு இல்லாதப்போ, அங்க போயாவது சாப்பிடட்டும்னு அனுப்புறோம். சட்டம் சோறு போடுமா?" சட்டம் சோறு போடாதுதான். 2022இல் மாவும் அரிசியும் விலை ஏறிய நேரத்தில் நமது லயங்களில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். பிள்ளையை அனுப்புவதைக் குடும்பத்தின் கெட்ட எண்ணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கஷ்டம் வந்தால் தரகரிடம் போவதற்கு முன் போக வேண்டிய இடங்கள் இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அஸ்வெசும கொடுப்பனவுக்குப் பெயர் விழாவிட்டால் அதற்கு விண்ணப்பிக்கலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் எம்மிடம் வாருங்கள், கூடவே வருகிறோம்.

அந்தப் பிள்ளை இப்போது மீண்டும் பாடசாலைக்குப் போகிறது. ஒரு வகுப்புக் கீழே போட்டிருக்கிறார்கள், அதில் அதற்குக் கொஞ்சம் வெட்கம். வழக்கு இன்னும் முடியவில்லை. தவணைக்குத் தவணை தகப்பன் ஒரு நாள் பேரை இழந்துதான் போகிறார். அட்வான்ஸ் பணத்தை இன்றுவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இன்னொரு காரியம். வயதை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாத பிள்ளையைத்தான் தரகர்மார் "பதினெட்டு முடிஞ்சது" என்று சொல்லிக் கொண்டு போகிறார்கள். வருடம் கடந்தாலும் காலம் தாழ்த்திய பதிவு செய்யலாம். உங்கள் லயத்தில் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் இருந்தால், பெயரையும் பிறந்த இடத்தையும் பிள்ளைக் காம்பிரா அம்மாவிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். கிளினிக் கார்ட் இருந்தால் அதையும் கொண்டு வரவும். அடுத்த சம்பளத்துக்குப் பின் வரும் சனிக்கிழமை, பெரட்டுக் களத்தில் நாம் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருவோம்.