டர்போவா, சாதா இன்ஜினா? செகண்ட் ஹேண்டில் சின்ன எஸ்யூவி எடுப்பவர்களுக்கு

"டர்போ பெட்ரோல் எடுக்கலாமா அண்ணே?" என்று கேட்டால், பத்து மெக்கானிக்குகளில் பாதிப் பேர் "வேணாம் தம்பி, பெரிய செலவு வெச்சிடும்" என்பார்கள். அதே ஆட்கள் பழைய பிரெஸ்ஸா டீசலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வார்கள். அந்த டீசலில் இருப்பதும் டர்போதான். டர்போவைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து. பராமரிப்புக் கணக்கு தெரியாத டர்போவுக்குத்தான் பயப்பட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இன்ஜின். இந்த வரம்புக்குள் வரும் கார்களுக்கு நம் நாட்டில் வரி குறைவு. உயரமான, கனமான வண்டியைச் சின்ன பெட்ரோல் இன்ஜினால் இழுக்க வேண்டிய நிலையில் கம்பெனிகள் டர்போவைக் கையில் எடுத்தன. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். வெறும் 1 லிட்டர் இன்ஜின் 120 குதிரைத்திறன் தருவது இப்படித்தான்.

அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் பழசாகிக் கெட்டியானாலோ, அளவு குறைந்தாலோ, சாதா ஆயிலை ஊற்றினாலோ முதல் அடி அங்கேதான் விழும். நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து டீக்கடை வாசலில் உடனே சாவியைத் திருப்பி அணைத்தால், சூடான டர்போவுக்குள் தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கும் பழக்கம் முந்தைய ஓனருக்கு இருந்ததா என்பதை நாம் அறிய வழியில்லை. ஆயில் மாற்றியதை மட்டும் பில்லில் பார்க்கலாம்.

இனி வண்டிகள். 2016-இல் வந்த விட்டாரா பிரெஸ்ஸாவில் நான்கு ஆண்டுகள் டீசல் மட்டுமே இருந்தது. அதில் உள்ள 1.3 லிட்டர் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. ஸ்விஃப்ட் முதல் எத்தனையோ கார்களில் லட்சக்கணக்கில் ஓடியது. எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கை ஒன்று இருக்கும், பாகமும் கிடைக்கும். செகண்ட் ஹேண்டில் அதன் பெரிய பலம் இதுதான். 2020 பிப்ரவரியில் வந்த பிரெஸ்ஸா பெட்ரோல் நேரெதிர்: 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. ஓவர்டேக் செய்யும்போது கியரைக் குறைத்து மிதிக்க வேண்டியிருக்கும். ஆனால் முந்தைய ஓனர் ஆயிலை இரண்டாயிரம் கிலோமீட்டர் தாமதமாக மாற்றியிருந்தாலும் பெரும்பாலும் பொறுத்துப் போகும் இன்ஜின்.

2019 மே மாதம் வந்த ஹூண்டாய் வென்யூ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது. இதில் 83 குதிரைத்திறன் தரும் 1.2 சாதா பெட்ரோலும் உண்டு, 120 தரும் 1.0 டர்போவும் உண்டு. டர்போவின் பிக்கப்பை ஒருமுறை அனுபவித்தவருக்கு 1.2 பிடிக்காது, ஆள் ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறினால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் இந்த டர்போ இன்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. காற்று வரும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவிவிடாததால், நாள்பட அவற்றில் கரி படியும். நகருக்குள்ளேயே உருட்டிய வண்டியில் இதை அதிகம் எதிர்பார்க்கலாம். டாடா நெக்ஸான், ஆரம்பகால எக்ஸ்யூவி300, நிஸான் மேக்னைட் டர்போ ஆகியவற்றில் பெட்ரோல் பழைய முறையில் வால்வுக்கு முன்பே தெளிக்கப்படுவதால், இந்தத் தொல்லை அவற்றுக்குக் குறைவு. நெக்ஸானும் எக்ஸ்யூவி300-உம் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. குடும்பத்துக்கு எடுப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வென்யூ டர்போவில் டிசிடி ஆட்டோமேட்டிக் வந்தால் இன்னும் கவனம் தேவை. ஆயிலில் மூழ்காத இரட்டை கிளட்ச் அது. கிண்டி கத்திப்பாரா நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே தேய்ந்து சூடாகும். நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு நான் டிசிடியைச் சொல்ல மாட்டேன்.

ஃபோர்டு இகோஸ்போர்ட்டின் 1.0 இகோபூஸ்ட் தனிக் கதை. மறைமலைநகரில் தயாரான வண்டி. ஓட்ட ஓட்ட ஆசை வரும், 125 குதிரைத்திறன். இதன் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுவது. தவறான ஆயில் ஊற்றினாலோ, மாற்றாமல் இழுத்தாலோ பெல்ட் உதிர்ந்து, அந்தத் துணுக்குகள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். ஆயில் ஓட்டம் நின்றால் டர்போவோடு மொத்த இன்ஜினும் போய்விடும். 1.0 இன்ஜினில் ஆயில் பம்ப் பெல்ட்டின் டென்ஷனர் கோளாறுக்காக அமெரிக்காவில் 2023 இறுதியில் ஃபோர்டு ஏறத்தாழ 1.4 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. இங்கே ஃபோர்டு 2021 செப்டம்பரில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடர்ந்தாலும் ஒரு பாகத்துக்காகக் காத்திருக்க வேண்டி வரலாம். பெல்ட் மாற்றிய பில் இல்லாத இகோபூஸ்ட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். 2017 இறுதியில் வந்த 1.5 பெட்ரோலில் டர்போ இல்லை, ஆனால் அதிலும் பெல்ட் ஆயிலுக்குள்தான். டர்போ இல்லாவிட்டால் கவலையே இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டீசல் பக்கம் ஒரே ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல்களில் கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது எரிந்து சுத்தமாக வண்டி அவ்வப்போது நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் நான்கு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அது அடைத்துக்கொள்ளும்.

வண்டி பார்க்கப் போகும் நாளில், "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சார்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் வரும் சத்தத்தையும் புகையையும் உங்களிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தலைகீழாகப் பாருங்கள். உலோகத்தின் மேல் மெல்லிய தேன் நிறப் படலம் இருந்தால் நல்லது. தார் போலக் கருப்பாக ஒட்டியிருந்தால் ஆயில் மாற்றுவதை ஓனர் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். பால் காபி நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் இணைப்பை விரலால் தடவுங்கள். லேசான ஆயில் பிசுக்கு சகஜம், சொட்டுச் சொட்டாக வடிந்தால் டர்போ சீல் தேய்ந்துவிட்டது.

இன்ஜின் நன்றாகச் சூடானதும் மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து முழுதாக மிதியுங்கள். இரண்டாயிரத்துக்குள் தள்ளல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சீழ்க்கைச் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடவில்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது. மேம்பாலத்தில் இறங்கும்போது காலை எடுத்துவிட்டு, கீழே வந்ததும் மறுபடி மிதித்துக் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலை எரிக்கிறது. அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கன்சல்டிங்கில் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனரை வைத்துக்கொண்டு ரிஜிஸ்ட்ரேஷன் எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு சர்வீஸின் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக வரும். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதற்குள் ஆயில் மாறியிருக்க வேண்டும். வருஷத்துக்கு மூவாயிரம்தான் ஓடியது என்று மூன்று வருஷம் ஆயிலே மாற்றாத வண்டிதான் அறுபதாயிரம் ஓடி முறையாகச் சர்வீஸ் ஆன வண்டியைவிட ஆபத்து. சென்னைப் பதிவு என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் நின்றதா என்று சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அடியில் சேற்றுக் கறை பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்மையும் விசாரியுங்கள்.

மாதம் ஐந்நூறு கிலோமீட்டருக்குள், ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் பிரெஸ்ஸா 1.5 பெட்ரோலையோ வென்யூ 1.2-ஐயோ எடுக்கட்டும். வாரம் தவறாமல் திருச்சி, மதுரை என்று போகிறவருக்கு, 2020-க்கு முந்தைய பிரெஸ்ஸா டீசல் இன்னும் நல்ல பேரம். மாதம் ஆயிரத்துக்கு மேல் ஓட்டம், நெடுஞ்சாலையும் மலையும் உண்டு, சர்வீஸ் பில் எல்லாம் கையில் இருக்கிறது என்றால் வென்யூ டர்போ மேனுவலையோ நெக்ஸானையோ தயங்காமல் எடுக்கலாம்.

எதை எடுத்தாலும் வாங்கிய வாரமே ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் நான்கையும் மாற்றிவிடுங்கள். டர்போ என்றால் கம்பெனி சொன்ன கிரேடில் முழு சிந்தெடிக் ஆயிலை மட்டுமே ஊற்றச் சொல்லுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், நீங்கள் விற்கும் நாளில் அடுத்தவர் கேட்பார்.