மகள் எதிர்த்து எழுதலாமா?

டொராண்டோவில் படிக்கும் என் மகள், கனடாவின் மருத்துவ உதவியுடனான மரணச் சட்டத்தை எதிர்த்துக் கட்டுரை எழுதப்போகிறாள். படிப்புக்குப் பாதிப்பு வருமா? – ஒரு தந்தை, திருச்சி

பயப்படாதீர்கள், எழுதட்டும். டொராண்டோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ட்ரூடோ லெம்மென்ஸே இந்தச் சட்டம் விரிவாக்கப்பட்டதைப் பகிரங்கமாக எதிர்த்து எழுதிவருபவர்தான். டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் ஜோசலின் டௌனி அதே உறுதியுடன் ஆதரித்து வாதிட்டவர். மகள் இருவரையும் படிக்கட்டும். ஒன்டாரியோவில் அரசு நிதி பெறும் பல்கலைக்கழகங்களுக்கு 2019 முதல் கருத்துச் சுதந்திரக் கொள்கை கட்டாயம். பிரச்சினை வந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம்.

கவனம் வேண்டியது தகவல்களில்தான். 2016 சட்டம், இயற்கை மரணம் நெருங்கியவர்களுக்கு மட்டுமே வழிவிட்டது. 2021 திருத்தம், மரணம் நெருங்காத, ஆனால் குணமாகாத நோயோ ஊனமோ தரும் வேதனையில் இருப்பவர்களுக்கும் திறந்துவிட்டது. அவர்களுக்குக் குறைந்தது 90 நாள் மதிப்பீடு உண்டு. மனநோய் மட்டுமே காரணம் என்றால் 2027 மார்ச் வரை அனுமதி தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. வீடும் பராமரிப்பும் கிடைக்காதவர்கள் வேறு வழியின்றி மரணத்தைக் கேட்டுவிடுவார்களோ என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் அஞ்சுகின்றன. எதிர்ப்புகளில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான். கட்டுரையை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். டாக்டர்களைக் கொலைகாரர்கள் என்று எழுத மட்டும் வேண்டாம். ஏனென்றால், மருத்துவத் துறையினர் இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்த பிறகே அனுமதி.